புது வீட்டுக்கு வந்ததிலிருந்து மீன் தொட்டித் தண்ணீர் பால் மாதிரியே இருக்கிறது. என்ன செய்வது?

சேவூர்க்காரி

வணக்கங்க. இங்கே பல மாதமாகப் படிக்கிறேன், கேட்பது இதுதான் முதல் தடவை. எது முக்கியம், எது வேண்டாதது என்று பிரிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முன்பு கோவை வடவள்ளியில் வாடகை வீட்டில் இருந்தோம். ஆவணி முகூர்த்தத்தில் சேவூருக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மூன்று தங்க மீன்களும் எங்களோடு வந்தன. இரண்டு ஒரண்டா, ஒன்று வால் நீளமான சாதாரண மீன். அவற்றை என் மீன்கள் என்பதைவிட அத்தையின் மீன்கள் என்றுதான் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு 74 வயது. முழங்கால் வலியால் வெளியே அதிகம் போக முடியாது. நாலு வருஷமாகக் காலையில் காபி டம்ளரோடு அந்தத் தொட்டி முன்னால்தான் உட்காருவார். பெரிய ஒரண்டாவுக்குக் குண்டுப்பையன் என்று பேர். அத்தையின் விரல் கண்ணாடியில் பட்டால் அது அங்கே வந்து நிற்கும்.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம். கல்லும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 75 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், அடியில் கூழாங்கல். வடவள்ளியில் சிறுவாணித் தண்ணீர். வாரத்துக்கு இரண்டு குடம் எடுத்துவிட்டு, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர் இரண்டு குடம் ஊற்றுவேன். இதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

வீடு மாறும்போது எல்லாவற்றையும் சுத்தமாக ஆரம்பிக்க நினைத்தேன். கூழாங்கல்லைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் மூன்று நாள் காய வைத்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அழுக்கு ஒரு சொட்டு இல்லாமல் பிழிந்து அதையும் வெயிலில் போட்டேன். சோப்பு எதுவும் போடவில்லை. மீன்களை மூடி போட்ட பக்கெட்டில் ஏர் பம்போடு கொண்டுவந்தோம்.

இங்கே நல்ல தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் எட்டு நாளுக்கு ஒரு முறைதான். அது குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். தொட்டிக்கும் அதைத்தான் ஊற்றினேன்.

முதல் நாள் லேசான வெண்மை. போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் அரிசி கழுவிய தண்ணீர். நான்காம் நாள் மீன்களைக் காணோம், கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் ஒரு சிவப்பு நிழல் தெரிகிறது. மொத்தத் தண்ணீரையும் மாற்றினேன், கல்லையும் ஸ்பாஞ்சையும் மறுபடி கழுவினேன். இப்படி மூன்று தடவை ஆகிவிட்டது. கடையில் தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஒரு ராத்திரி தெளிந்தது, மறுநாள் மறுபடியும் பால்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. தண்ணீர் மாற்றிய அன்று மாலையே ஒரு வெண்மை வந்துவிடுகிறது. இரண்டாம் நாள் அது குறைகிறது, கண்ணாடியில் கோலமாவு தூவியது போல ஒரு படிவு இருக்கிறது. அப்புறம் மூன்றாம் நாள் மறுபடியும் கெட்டியாகிறது. ஏன் இப்படி ஏறி இறங்கி ஏறுகிறது?

நேற்று சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கினேன். அம்மோனியா 2, நைட்ரைட் 0, நைட்ரேட் 5க்குக் கீழே, பிஎச் (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 8.6. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 1,380. வடவள்ளியில் இதே மீட்டர் 40 பக்கம்தான் காட்டும். தண்ணீர் வெப்பம் 28 டிகிரி.

நேற்றிலிருந்து சின்ன ஒரண்டா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அத்தை காலையில் தொட்டி முன்னால் உட்கார்ந்து, "கண்ணுக்கே தெரியலையே அம்மிணி" என்றார். தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றச் சொல்கிறார். அவர் ஊரில் குடத்தின் உள்பக்கம் அதை உரசித்தான் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பார்களாம். அத்திக்கடவு - அவினாசித் திட்டத்துக்கு அப்புறம் பக்கத்துக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதைக் கொண்டுவந்து ஊற்றலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு எதைச் செய்யவும் பயமாக இருக்கிறது.

கோபி கப்பி

அக்கா, முதலில் ஒன்று. இனிமேல் எதையும் கழுவாதீர்கள். நீங்கள் கழுவக் கழுவத்தான் அது கலங்குகிறது.

வடவள்ளியில் நாலு வருஷம் உங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது ஸ்பாஞ்சில் இருந்த அந்த அழுக்குதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, நீங்கள் வாரம் இரண்டு குடம் மாற்றியதில் அது வெளியே போய்விடும். இந்த இரண்டு வகையும் தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும். மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

இப்போது உங்கள் தொட்டி நாலு வருஷத் தொட்டி இல்லை, பிறந்து சில வாரமே ஆன தொட்டி. அதில் வளர்ந்த தங்க மீன்கள் மூன்று. தங்க மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். 75 லிட்டருக்கு மூன்று என்பதே எல்லைதான்.

அந்தப் பால் நிறம் வேறு வகை பாக்டீரியா. கரைந்த கழிவைத் தின்று தண்ணீரிலேயே மிதந்து பெருகுபவை. வசதி கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். நமக்கு வேண்டிய வகை இரட்டிப்பாகக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். நீங்கள் எல்லாவற்றையும் கழுவும்போது இரண்டும் போகிறது, ஆனால் முதலில் திரும்பி வருவது மிதக்கிற கூட்டம்தான். தெளிய வைக்கும் மருந்து அவற்றைத் திரட்டிக் கீழே தள்ளும், தீனி இருக்கிறவரை மறுபடி வந்துவிடும்.

சின்ன ஒரண்டா மேலே வருவதைத்தான் நான் அவசரமாகப் பார்க்கிறேன். அந்தக் கூட்டம் மூச்சுக் காற்றையும் குடித்துவிடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இன்னொரு ஏர் கல் (பம்ப் காற்றைக் குமிழியாக விடும் கல்) போடுங்கள். இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். அத்தை மனசு கேட்காது, ஆனாலும் தங்க மீன் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். தினமும் கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம்.

என்னிடம் ஆறு தொட்டி ஓடுகிறது. பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தருகிறேன். அதை உங்கள் தொட்டியில் போட்டால், நல்ல பாக்டீரியா மறுபடி வளர ஆகும் ஆறு வாரக் காத்திருப்பு இரண்டு வாரமாகக் குறையும். தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். நம்பியூர் வரை நான் வருகிறேன்.

மீன்பிரியன் கரூர்

இவ்வளவு எதற்கு? படிகாரம் ஒரு துண்டு போட்டுக் கலக்கிவிடுங்கள், காலையில் பளிச்சென்று இருக்கும். அப்படியும் சரிவராவிட்டால் முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றிவிடுங்கள். எங்கள் ஊர்ப் போரும் உப்புதான்.

நொய்யல்கரை

படிகாரம் வேண்டாமுங்க. குடத்துத் தண்ணீரில் களிமண் தூள் இறங்க அது நல்லது, ஆனால் மீன் இருக்கிற தொட்டியில் அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பிஎச்சை இழுத்துவிடும். அளவு தவறினால் கரைந்த அலுமினியம் செவுளையும் பாதிக்கும். தேத்தாங்கொட்டையும் மண் கலங்கலுக்கு அருமையான பொருள். என் பாட்டி வீட்டு மண்பானையில் அந்த உரசல் வட்டமே இருக்கும். ஆனால் இங்கே கலங்கல் மண்ணாக இல்லாவிட்டால், கொட்டையின் சாறு மிதக்கிற பாக்டீரியாவுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடாகத்தான் முடியும். அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

முழு ஆர்ஓ தண்ணீரும் ஆபத்து. அதில் உப்பும் இல்லை, பிஎச்சைப் பிடித்து நிறுத்துகிற பைகார்பனேட்டும் இல்லை. சில நாளில் பிஎச் பொத்தென்று விழும். தங்க மீனுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், டிடிஎஸ் 1,380 என்பதாலேயே சாகாது. 40லிருந்து 1,380க்கு ஒரே நாளில் போனதுதான் அதற்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கியிருக்க வேண்டும். அது முடிந்துபோன விஷயம்.

கலங்கல் எது என்று தெரியாமல் மருந்து தேடுவதில் பயனில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து அசையாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் படிந்து மேலே தெளிந்தால் தூள் அல்லது சுண்ணாம்பு. அப்படியே பாலாக இருந்தால் பாக்டீரியா. ஐந்து நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. இன்னொரு டம்ளரில் மீன் தொட்டிக்குப் போகாத வெறும் போர் தண்ணீரை வையுங்கள். கண்ணாடியில் இருக்கிற படிவைச் சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

சேவூர்க்காரி

ரொம்ப நன்றிங்க. நேற்றே இன்னொரு ஏர் கல் போட்டுவிட்டேன், சின்ன ஒரண்டா கீழே இறங்கிவிட்டது. அதைப் பார்த்தபின்தான் எனக்குச் சோறு இறங்கியது.

டம்ளர் சோதனை செய்தேன். தொட்டித் தண்ணீர் காலையிலும் பாலாகத்தான் இருந்தது, அடியில் கொஞ்சம் மாவு. ஆனால் போர் தண்ணீர் டம்ளரில் ஒரு வேடிக்கை. பிடித்தபோது தெளிவாக இருந்தது, காலையில் டம்ளர் சுவரில் வெள்ளையாக ஒரு படலம். கண்ணாடிப் படிவில் எலுமிச்சை விட்டால் சர்ரென்று நுரைக்கிறது. அப்படியானால் இரண்டும் இருக்கிறதா? தினமும் கால் பங்கு மாற்றுகிறேன், ஆனால் மாற்றியதும் அம்மோனியா குறைந்தாலும் மீன்கள் ஒரு மணி நேரம் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. தண்ணீர் மாற்றுவதே அவற்றுக்குப் பிடிக்காதது போல இருக்கிறது.

ஆற்றங்கரை அய்யா

அம்மிணி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு கேள்வி. வீடு புதுசு என்றீர்கள். தரைத்தொட்டியும் புதுசா? உள்ளே சிமெண்ட் பூச்சா, டைல்ஸா? தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் போரிலிருந்து நேராக வருகிறதா, தரைத்தொட்டியில் நின்று வருகிறதா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். பவானி ஆற்றோரம் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் 26 வருஷம் வேலை பார்த்தேன். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் புதிதாகச் சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பிக் குஞ்சு விட்டோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கொத்தனாரின் கரணை போன தடம்கூடத் தெரிந்தது. மறுநாள் காலையில் அத்தனை குஞ்சும் மேலே மிதந்தன. நான்தான் வலையில் அள்ளினேன். அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கு அப்புறம் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பிஎச் பார்ப்பேன்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். அது பிஎச்சை 9க்கு மேலேகூட ஏற்றும். எங்கள் பண்ணையில் அப்புறம் புதுத் தொட்டி என்றால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, நாலைந்து தடவை தண்ணீரை மாற்றி, பிஎச் இறங்கிய பிறகுதான் குஞ்சு விடுவோம்.

உங்கள் இரட்டைக் கலங்கலுக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். அதோடு சிமெண்டின் சுண்ணாம்பு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளைத் தூளாகப் பிரிந்து வரும். தண்ணீர் மாற்றிய அன்று மாலை வருகிற வெண்மை அதுதான். மறுநாள் அது கண்ணாடியில் படிந்துவிடுகிறது, அதனால் தெளிகிறது. மூன்றாம் நாள் வருவது கோபித் தம்பி சொன்ன பாக்டீரியா. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறுகிறது.

கலங்கலைவிட இதில் பெரிய விஷயம் வேறு. உங்கள் கிட் காட்டுகிற அம்மோனியா 2 என்பது மொத்த அளவு. அதில் ஒரு பகுதிதான் கொல்லும், மீதி அம்மோனியம் என்ற சாதுவான வடிவம். 28 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் ஆயிரத்தில் ஏழு பங்குதான் விஷம். பிஎச் 8.6 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விஷம். சிறுவாணித் தண்ணீரில் இதே 2 இருந்தால் மீன் சிரமப்பட்டுக்கொண்டே கடந்துவிடும். இங்கே அப்படி இல்லை. நீங்கள் மாற்றும் தண்ணீர் 9 பக்கம் இருந்தால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மிச்சமிருக்கிற அம்மோனியாவைக் கூர் தீட்டுகிறீர்கள். மீன் மூலைக்குப் போவது அதனால்தான்.

போரிலிருந்து நேராக வரும் குழாய் எங்காவது இருக்கும், பாருங்கள். தோட்டத்துக் குழாய் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதில் ஒரு பக்கெட், தரைத்தொட்டித் தண்ணீர் ஒரு பக்கெட். இரண்டிலும் ராத்திரி முழுக்க ஏர் கல் ஓட விட்டுக் காலையில் பிஎச் பாருங்கள். பிடித்த உடனே பார்க்காதீர்கள். பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு நிறைய, ஆக்சிஜன் குறைவு. பிடித்ததும் பிஎச் குறைவாகக் காட்டும், காற்று பட்டதும் ஏறும்.

குளத்துத் தண்ணீர் வேண்டாம். குளம் நிறைந்திருப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதில் மீன் உடம்பில் குத்தி ஒட்டிக்கொள்ளும் நங்கூரப் புழு வந்தால் அதை எடுப்பது பெரும்பாடு.

சேவூர்க்காரி

அய்யா, தரைத்தொட்டி புதுசுதான். 10,000 லிட்டர், உள்ளே சிமெண்ட் பூச்சு, மேலே சிமெண்ட் பால் அடித்திருக்கிறார்கள். டைல்ஸ் அடுத்த வருஷம் போடலாம் என்று விட்டுவிட்டோம்.

தென்னை மரத்தடியில் போர் லைனிலேயே ஒரு குழாய் இருக்கிறது. நீங்கள் சொன்னது போலவே செய்தேன். காலையில் நேர் போர் தண்ணீர் 7.9. தரைத்தொட்டித் தண்ணீர் 8.9. மூன்று தடவை சொட்டு விட்டுப் பார்த்தேன், அதே நிறம்தான். கொத்தனாரிடம் கேட்டதற்கு, புதுத் தொட்டியை இரண்டு மூன்று முறை நிரப்பி வெளியேற்றச் சொன்னேனே என்றார். அவர் சொல்லியிருப்பார். புதுமனை புகுவிழா வேலையில் எங்கள் காதில் விழவில்லை.

ஒரு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறேன். குண்டுப்பையன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதெல்லாம் என்னிடம் எதையோ கேட்டது போல இருந்தது, அது மனசை அறுக்கிறது. இப்போது என்ன வரிசையில் செய்ய வேண்டும்? ஒரேயடியாக 7.9க்கு இறக்கிவிடலாமா?

ஆற்றங்கரை அய்யா

மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

கீழே இறங்குவது மீனுக்கு நல்லதுதான், ஆனாலும் படிப்படியாகவே போகலாம். தென்னை மரத்துக் குழாயில் பிடித்து, ஒரு நாள் ஏர் கல் ஓட்டிய தண்ணீரைக் காலையில் பத்து லிட்டர், மாலையில் பத்து லிட்டர் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் தொட்டி 8 பக்கம் வந்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, குளோரின் எடுக்கும் மருந்து வேண்டாம். பஞ்சாயத்துத் தண்ணீர் எப்போதாவது கலந்தால் மட்டும் அது வேண்டும், அதுவும் மேல்நிலைத் தொட்டி கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

பிஎச் இறக்க எலுமிச்சை, புளி, வினிகர் எதையும் ஊற்ற வேண்டாம். இந்தத் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய, இறக்கினாலும் மறுநாள் ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும்.

கோபி கப்பி

அய்யா சொன்னது எனக்குப் பாடம். பிஎச் 8.6 என்று அக்கா எழுதியிருந்ததை நான் தாண்டிப் போய்விட்டேன். தினமும் கால் பங்கு மாற்றச் சொன்னதும் நான்தான். மன்னிச்சுக்கங்க அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நம்பியூர் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். எட்டு மாதம் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்று, பழுப்பாகச் சேறு மாதிரி இருக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் தயவுசெய்து அலசிவிடாதீர்கள். உங்கள் ஸ்பாஞ்சுக்குப் பக்கத்திலேயே இதையும் ஏர் பம்பில் மாட்டுங்கள்.

அடுத்து நைட்ரைட் ஏறும், அதற்குத் தயாராக இருங்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க விடாது, செவுள் பழுப்பாகும். கல் உப்பு, அயோடின் சேர்க்காதது, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் 75 கிராம் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது வெளியே போன அளவுக்கு மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும்.

சேவூர்க்காரி

பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, அதனால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

ஸ்பாஞ்ச் வாங்கி வந்த அன்று அம்மோனியா 1.5, பிஎச் 8.4. தண்ணீர் மாற்றிய அன்று மாலை வெண்மை வருவது மூன்றாம் நாளிலிருந்து நின்றுவிட்டது. தரைத்தொட்டித் தண்ணீரை நிறுத்தியதும் அந்தக் கலங்கல் போனது, அய்யா சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் பால் நிறம் இருந்துகொண்டுதான் இருந்தது. ஆறாம் நாள் நைட்ரைட் 0.5, ஒன்பதாம் நாள் 1. அன்று உப்பு போட்டேன். பதினோராம் நாள் மாதாந்திர மின்தடை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை கரண்ட் இல்லை. முந்தின நாளே பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருந்ததால் இரண்டு ஸ்பாஞ்சும் நிற்காமல் ஓடின. அன்றைக்கு நான் வேலைக்கே போகவில்லை.

பதிமூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்தபோது தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரின் நீலப் பெயிண்ட் தெரிந்தது. நான் எதுவும் ஊற்றவில்லை, எதுவும் கழுவவில்லை. ராத்திரிக்குள் அதுவாகவே தெளிந்துவிட்டது. அத்தையை எழுப்பிக் கூட்டி வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குண்டுப்பையன் வந்து விரலுக்கு எதிரே நின்றது. அதன் தலைக் கொண்டை இந்த ஒரு மாதத்தில் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, சாப்பாடு குறைந்ததாலோ என்னவோ. சின்ன ஒரண்டாவின் வால் ஓரத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது, வளர்ந்து வருகிறது.

இன்றைய கணக்கு: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, பிஎச் 8.0. அத்தை தீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தை வாய்விட்டு எண்ணுகிறார். வீட்டுக்காரர் தரைத்தொட்டியைக் காலி செய்து இரண்டாம் முறை நிரப்பியிருக்கிறார், 8.9 இப்போது 8.5 ஆகியிருக்கிறது. அந்தத் தண்ணீர் தென்னைக்குத்தான் போகிறது.

ஒரே ஒரு சந்தேகம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் இன்னும் வெள்ளைக் கோடு வருகிறது. பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடுகிறது. அப்படிச் செய்யலாம் அல்லவா?

ஆற்றங்கரை அய்யா

தாராளமாகச் செய்யலாம் அம்மிணி. தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கியிருக்குமே, அப்போது தேயுங்கள், ஈரத் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். அந்தக் கோடு நம் போர் தண்ணீர் இருக்கிறவரை வரும். வால் கிழிசலுக்கு மருந்து எதுவும் வேண்டாம். உப்பையும் இனிமேல் சேர்க்காதீர்கள், மாற்ற மாற்ற அதுவாகக் குறையட்டும். கோபித் தம்பியின் ஸ்பாஞ்சை இன்னும் ஒரு மாதம் உள்ளேயே விட்டுவையுங்கள்.